துலிப் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு: அயோவாவின் பெல்லா ஊருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், நீண்ட வார இறுதி வந்தால் சிகாகோ, மினியாபொலிஸ் போன்ற பெருநகரங்களையே முதலில் நினைக்கின்றன. சோள வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர்களின் பெயர்களை நெடுஞ்சாலைப் பலகையில் படித்துவிட்டுக் கடந்துபோவதே வழக்கமாக இருக்கிறது. அப்படிக் கடந்துபோகக்கூடாத ஊர்களுள் ஒன்று பெல்லா. அயோவா மாநிலத் தலைநகரான டி மொயினுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் இவ்வூரில், 2020 கணக்கெடுப்பின்படி 10,464 பேர் வாழ்கிறார்கள். 1935 முதல் இவர்கள் நடத்திவரும் ‘துலிப் டைம்’ என்னும் வசந்தகால விழாவே இந்த வழிகாட்டியின் மையம். விழாவுக்குச் செல்ல முடியாத குடும்பங்களுக்கும் ஆண்டின் மற்ற மாதங்களில் பெல்லாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பார்க்கத்தக்கவை பல உண்டு. அவற்றையும் உரிய இடத்தில் குறிப்பிடுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். பெல்லாவின் விழாவை நடத்துபவர்கள் அவ்வூர் மக்களே. வீதியில் ஆடுபவர்கள் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள். தெருவைக் கழுவுபவர்கள் அவர்களுடைய பெற்றோரும் தாத்தா பாட்டிகளும். உணவுக் கடைகளில் நிற்பவர்களுள் பலர் தேவாலயங்களையும் பள்ளிக் குழுக்களையும் சேர்ந்த தொண்டர்கள். எனவே, மதியம் வந்து பேரணியை மட்டும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் குடும்பம் விழாவின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. குறைந்தது ஓர் இரவு தங்கி, இரண்டு நாள்களை ஊருக்குக் கொடுப்பவர்களே பெல்லாவை உண்மையில் பார்த்தவர்கள் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த அடிப்படையில் அமைந்தவை.

முதற்படி: ஊரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

காற்றாலையையும் மரக்காலணிகளையும் முன்கதை இல்லாமல் பார்க்கும் பிள்ளைக்கு அவை வெறும் வேடமாகவே தோன்றும். புறப்படும் முன்போ காரிலோ பத்து நிமிடம் ஒதுக்கி இக்கதையைச் சொல்லிவிடுவது நல்லது.

நெதர்லாந்தில் 1834-ஆம் ஆண்டு ஒரு பிரிவினர் அரசின் ஆதரவு பெற்ற திருச்சபையிலிருந்து விலகித் தனியாக வழிபடத் தொடங்கினார்கள். அவர்களுடைய கூட்டங்களுக்கு அரசு தடையும் அபராதமும் விதித்தது. 1840-களின் நடுவில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோய் வறுமையையும் கூட்டியது. இந்த இரண்டு காரணங்களாலும் ஹென்ட்ரிக் பீட்டர் ஸ்கோல்ட் என்னும் போதகரின் தலைமையில் ஏறத்தாழ 800 பேர் 1847-இல் கப்பலேறிப் பால்டிமோரில் இறங்கினார்கள். அங்கிருந்து ரயில், கால்வாய், ஆறு என மாறிமாறிப் பயணம் செய்து செயின்ட் லூயிஸை அடைந்தார்கள். அவர்களுள் சிலர் முன்னால் சென்று அயோவாவின் புல்வெளியில் நிலம் தேர்ந்தெடுத்தார்கள். பண்டைக் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் தந்ததாகக் கருதப்படும், யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பெல்லாவின் பெயரையே தங்கள் புதிய ஊருக்கும் சூட்டினார்கள். முதற்குளிர்காலத்தைப் பலர் மண்ணைக் குடைந்து, மேலே புல் வேய்ந்த குழிவீடுகளில் கழித்தார்கள். அந்தக் குடியிருப்பு ‘ஸ்ட்ராடவுன்’ என்று அழைக்கப்பட்டது.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் புல்வெளி யாருமற்ற நிலமாக இருக்கவில்லை. சாக், மெஸ்குவாக்கி மக்கள் 1842-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் அதை அமெரிக்க அரசிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தபின்னரே குடியேறிகள் அங்கே நிலம் வாங்க முடிந்தது. அடைக்கலம் தேடி வந்த ஒரு கூட்டத்தாரையும் வாழிடம் இழந்த இன்னொரு கூட்டத்தாரையும் சேர்த்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் கதை நன்றாகவே விளங்கும்.

விழா பிறந்தது பிற்காலத்தில். பெல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்திய ஓர் இசை நாடகம் மக்களைப் பெரிதும் கவர்ந்ததால் ஊர் விழா ஒன்றைத் தொடங்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. 1935-இல் முதல் விழா நடந்தபோது துலிப் கிழங்குகளை முன்கூட்டியே நட்டு வளர்க்க நேரம் இருக்கவில்லை. ஆகவே மரத்தால் செய்து வண்ணம் பூசிய பெரிய துலிப் மலர்களை வீதிகளில் நிறுத்தினார்கள். இன்று இலட்சக்கணக்கில் உண்மையான மலர்கள் பூக்கும் ஊர் மரப்பூக்களோடு தொடங்கியது என்பதைப் பிள்ளைகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

துலிப் டைம் மே மாதத்தின் முதல் வியாழக்கிழமையிலும் அதைத் தொடரும் வெள்ளி, சனிக்கிழமைகளிலும் நடைபெறுகிறது. ஞாயிற்றுக்கிழமை விழா இல்லை. ஞாயிறு வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் உரிய நாள் என்னும் மரபு இவ்வூரில் இன்றும் வலுவாக இருப்பதால் அன்று பெயர்பெற்ற அடுமனை உட்படப் பல கடைகள் மூடியிருக்கும். வெள்ளி இரவு புறப்பட்டுச் சனியும் ஞாயிறும் சுற்றிப் பார்க்கலாம் என்று திட்டமிடும் குடும்பம் இந்த ஒரு செய்தியை அறியாமல் ஏமாந்துபோக நேரும்.

மூன்று நாள்களிலும் நிகழ்ச்சிகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். சனிக்கிழமை கூட்டம் மிக அதிகம். பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஒரு நாள் விடுப்புப் பெற முடியுமானால் வியாழன் பிற்பகல் வந்து வெள்ளி மாலை வரை இருப்பதே சிறந்தது. விடுப்புக் கிடைக்காதவர்கள் வெள்ளி மாலைக்குள் வந்து சேர்ந்து, இரவுப் பேரணியைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை பகலைக் காற்றாலைக்கும் வீதி நடனங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பூக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துலிப் கிழங்குகள் இலையுதிர்காலத்தில் நடப்பட்டு, நீண்ட குளிரை மண்ணுக்குள் கழித்த பின்னரே மொட்டு விடும். மார்ச் மாதம் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தால் ஏப்ரல் இறுதியிலேயே பூத்து, விழாவுக்குள் இதழ் உதிர்த்துவிடுவதும் உண்டு. குளிர் நீடித்தால் விழா நாளில் மொட்டுகளாகவே நிற்பதும் உண்டு. முன்னே பூப்பவை, பின்னே பூப்பவை என வகைகளைக் கலந்து நடுவதால் முற்றிலும் பூவற்ற விழா அரிது என்றாலும், விழாத் தேதியை வானிலைக்கேற்ப மாற்ற முடியாது. மலர்ப்படுகைகளை நிழற்படம் எடுப்பதே ஒருவரின் முதன்மை நோக்கமானால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஊரின் சுற்றுலா அமைப்பு வெளியிடும் பூத்தல் நிலவரத்தைக் கவனித்து, விழாவுக்கு முன்னோ பின்னோ ஒரு வாரநாளில் செல்வது மேல். அப்போது கூட்டமும் இருக்காது.

மூன்றாம் படி: பயணமும் தங்குமிடமும்

டி மொயினிலிருந்து 163-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையாக நேரே பெல்லாவுக்கு வருகிறது. சிகாகோவிலிருந்து 80-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். மினியாபொலிஸிலிருந்து 35-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் வருபவர்கள் டி மொயினில் இறங்கிக் கார் வாடகைக்கு எடுப்பதே வசதி. ரயில் பெல்லாவுக்கு வருவதில்லை. ஆம்ட்ராக்கின் கலிஃபோர்னியா செஃபிர் வண்டி நிற்கும் ஆட்டம்வாவிலிருந்து இங்கே வரவும் கார் வேண்டும்.

டி மொயினிலிருந்து வரும் வழியில் பிரெய்ரி சிட்டி என்னும் சிற்றூருக்கு அருகே நீல் ஸ்மித் தேசிய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. உழவால் மறைந்துபோன உயர்புல்வெளியை மீண்டும் வளர்த்து, அதில் காட்டெருமைகளையும் எல்க் மான்களையும் விட்டிருக்கிறார்கள். காரிலிருந்தபடியே விலங்குகளைப் பார்க்கத் தனிப் பாதை உண்டு, கட்டணம் இல்லை. டச்சுக் குடியேறிகள் வந்திறங்கியபோது இந்த நிலம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் இல்லை. போகும்போது ஒரு மணி நேரமாவது இங்கே நிறுத்துங்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, விழா நாள்களுக்குப் பெல்லாவின் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். அறை கிடைத்தால் ஊரின் மையத்தில், மோலன்கிராக்ட் என்னும் கால்வாய்ச் சதுக்கத்தை ஒட்டித் தங்குவது மிகவும் வசதி. முதியோர் பகலில் அறைக்குத் திரும்பிச் சற்று ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மீண்டும் வரலாம். கிடைக்காவிட்டால் நாக்ஸ்வில், ஆஸ்கலூசா, டி மொயினின் கிழக்குப் புறநகர்கள் என்ற வரிசையில் தேடிப் பாருங்கள். கூடாரமோ கேம்பர் வண்டியோ உள்ளவர்களுக்கு ரெட் ராக் ஏரிக்கரையில் முகாமிடங்கள் உண்டு.

மே மாதத் தொடக்கத்தில் பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். இரவில் 8 அல்லது 9 டிகிரிக்கு இறங்கும். திறந்த வெளியில் காற்றும் வீசும். இரவுப் பேரணிக்குக் கம்பளி ஆடையும் போர்வையும் கட்டாயம் தேவை. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்வதானால், காதை மூடும் குல்லாயையும் கனமான காலுறையையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் தானே என்று சால்வையோடு வரும் பெரியவர்கள் இரவு ஒன்பது மணிக்கு நடுங்கிவிடுவார்கள்.

நான்காம் படி: விழா நாளை ஒழுங்கு செய்யுங்கள்

காலை எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் இருப்பது நல்லது. மையத்தை ஒட்டிய தெருக்கள் வண்டிகளுக்கு மூடப்படும் என்பதால் சில தெருக்கள் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஊர் சிறியது, எங்கிருந்து நடந்தாலும் சென்ட்ரல் பார்க் எனப்படும் மையப் பூங்கா தொலைவில் இல்லை.

முதல் வேலை இருக்கைக்கு இடம் பிடிப்பது. பேரணி செல்லும் தெருவோரங்களில் மக்கள் மடக்கு நாற்காலிகளையும் போர்வைகளையும் முன்கூட்டியே விரித்து வைத்துவிட்டு மற்ற இடங்களைப் பார்க்கப் போவது இவ்வூர் வழக்கம். அவற்றை யாரும் நகர்த்துவதில்லை, நீங்களும் நகர்த்தக்கூடாது. கட்டணம் செலுத்தி அமரும் படிவரிசை இருக்கைகளும் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குப் படிவரிசையைவிடத் தெருவோர நாற்காலியே ஏற்றது. பிற்பகலில் சூரியன் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பதும் நன்று.

பேரணி நாளுக்கு இரண்டு முறை நடக்கிறது: பிற்பகலில் ஒன்று, இருட்டிய பின் விளக்கு அலங்காரத்தோடு ஒன்று. பிற்பகல் பேரணிக்கு முன்பு நடக்கும் ஒரு சடங்குதான் முழு விழாவிலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. டச்சு உடையணிந்த நகரத் தலைவரும் அவருடைய மன்றத்தாரும் தெருவைச் சோதித்துப் பார்த்து, துலிப் அரசியின் ஊர்வலத்துக்கு ஏற்ற தூய்மை இல்லை என்று அறிவிக்கிறார்கள். உடனே நீண்ட பாவாடையும் வெள்ளைத் தலைக்குல்லாயும் மரக்காலணியும் அணிந்த பெண்களும் ஆண்களும் சிறுபிள்ளைகளும் வாளிகளோடும் நீண்ட துடைப்பங்களோடும் தெருவில் இறங்கி, நீரை ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை தன் உயரத்துக்கு மேற்பட்ட துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு முழு முனைப்போடு தெருவைத் தேய்ப்பதைப் பார்க்கும்போது, இவ்விழா ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது தெளிவாகிறது. முன்வரிசையில் அமர்பவர்களின் பாதங்கள் நனையலாம். அதற்கேற்ற செருப்பை அணிந்து செல்லுங்கள்.

அதன்பின் நெதர்லாந்தின் மாகாணங்களைக் குறிக்கும் குழுக்கள், பள்ளி இசைக்குழுக்கள், மலர் ஊர்திகள் என ஒவ்வொன்றாக வரும். ஆடைகளைக் கூர்ந்து பாருங்கள். எல்லாம் ஒரே சீருடை போலத் தூரத்தில் தெரிந்தாலும், தலைக்குல்லாயின் வடிவம், மேலங்கியின் பூவேலை, பாவாடையின் கோடுகள் ஆகியவை ஒவ்வொரு மாகாணத்துக்கும், சில வேளைகளில் ஒவ்வொரு மீனவ ஊருக்கும் வேறுபடும். இவற்றைக் குடும்பத்தார் வீட்டிலேயே தைத்து, பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று காத்துவருகிறார்கள். உடையணிந்தவர்களிடம் உங்கள் ஆடை எந்தப் பகுதியினுடையது என்று கேட்டால் நின்று நிதானமாக விளக்குவார்கள். பிள்ளைகளைக் கேட்கச் சொல்லிப் பழக்குங்கள். மரக்காலணிக்குள் எத்தனை சோடிக் காலுறை அணிந்திருக்கிறார்கள் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே, ஏனெனில் தடித்த காலுறைகள் இல்லாமல் அவற்றை அணிந்து நடனமாட முடியாது.

துலிப் அரசியும் அவருடைய தோழியரும் பெல்லாவின் உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவிகளுள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். முடிசூட்டு விழா நடப்பது துலிப் டோரன் எனப்படும் இரட்டைக் கோபுர மேடையில்.

இரு பேரணிகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வீதி நடனங்கள் நடக்கும். நூற்றுக்கணக்கான கால்கள் மரக்காலணியோடு ஒரே தாளத்தில் தார்ச்சாலையைத் தட்டும் ஒலியை ஒரு முறையாவது அருகில் நின்று கேட்க வேண்டும். அதே இடைவேளையில் ஃபிராங்க்ளின் தெருவில் உள்ள க்ளாக்கன்ஸ்பெல் என்னும் மணிக்கூண்டுக்கும் போய்வரலாம். 147 மணிகள் கொண்ட அந்த இசைக்கருவி ஒலிக்கும்போது, ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள எட்டு உருவங்கள் சாளரங்களில் தோன்றி அசைகின்றன. ஸ்கோல்ட்டும் அவருடைய மனைவியும் அவர்களுள் இருவர். நாளுக்குச் சில முறை மட்டுமே ஒலிக்கும் என்பதால் நேரத்தை முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பேரணியைத் தவறவிடாதீர்கள். பகலில் பார்த்த அதே ஊர்திகள்தானே என்று எண்ணி முன்னிரவிலேயே ஊர் திரும்பும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். விளக்கொளியில் ஊர்திகளின் தோற்றமே மாறிவிடுகிறது. பகலின் நெருக்கடி குறைந்து, வெளியூரார் பலர் போன பின்பு உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துக் கையசைக்கும் நேரம் அது. சிறு குழந்தைகளைப் பிற்பகலில் ஒரு மணி நேரம் உறங்கவைத்துவிட்டால் இரவு வரை தாங்குவார்கள்.

ஐந்தாம் படி: காற்றாலைக்கும் வரலாற்றுக் கிராமத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்

பெல்லாவின் வெர்மீர் காற்றாலை அழகுக்காக நிறுத்திவைத்த பொம்மை அன்று. 1850-களின் டச்சு மாவரைக்கும் ஆலைகளின் முறைப்படி, நெதர்லாந்தின் காற்றாலைக் கைவினைஞர்கள் அதன் பாகங்களைத் தங்கள் நாட்டிலேயே செய்து, கப்பலில் அனுப்பி, 2002-இல் இங்கே பொருத்தி முடித்தார்கள். உயரம் 124 அடி. காற்று நன்றாக வீசும் நாளில் உண்மையாகவே கோதுமை அரைக்கிறது. அந்த மாவையும் வாங்கலாம்.

வழிகாட்டியோடு ஏறிச் செல்லும் சுற்றுக்குச் சீட்டு வாங்குங்கள். ஒரு முறைக்குச் சிலரையே அழைத்துச் செல்வதால் விழா நாள்களில் இடம் விரைவில் நிறைந்துவிடும். காலையில் கதவு திறந்ததும் இதற்கே முதலிடம் கொடுங்கள். உள்ளே பார்க்க வேண்டியது இயங்குமுறை. இறக்கைகள் சுழலும்போது அவற்றைத் தாங்கும் அச்சும் சுழல்கிறது. அச்சிலுள்ள பெரிய மரப்பற்சக்கரம் அந்தச் சுழற்சியைச் செங்குத்தான தூணுக்கு மாற்றுகிறது. தூண் கீழே உள்ள தளத்தின் அரைகல்லைச் சுற்றுகிறது. காற்று திசை மாறினால் ஆலையின் உச்சிமுடியை மட்டும் திருப்பி இறக்கைகளைக் காற்றுக்கு எதிரே நிறுத்துகிறார்கள். இறக்கைச் சட்டங்களின் மேல் பாய்த்துணியை எவ்வளவு விரிப்பது என்பதை அன்றைய காற்றைப் பார்த்து ஆலைக்காரர் முடிவு செய்கிறார். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதை முழுவதும் புரிந்துகொள்கிறார்கள். வெளியே சுற்றிவரும் மேடையிலிருந்து ஊர் முழுவதையும் பார்க்கலாம். படிகள் செங்குத்தானவை என்பதால் ஏற இயலாதவர்கள் கீழே உள்ள அரங்கில் சிற்றுருவ டச்சுக் கிராமத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆலையின் பெயருக்குப் பின்னால் ஊரின் பொருளாதாரமும் இருக்கிறது. வெர்மீர் குடும்பத்தார் 1948-இல் தொடங்கிய வேளாண் இயந்திர நிறுவனம்தான் வைக்கோலைப் பெரிய உருளைகளாகக் கட்டும் இயந்திரத்தை 1971-இல் உருவாக்கியது. அமெரிக்க வயல்களில் நீங்கள் காணும் உருண்டை வைக்கோல் கட்டுகளுக்கு மூலம் இந்தச் சிற்றூர். அமெரிக்க வீடுகள் பலவற்றின் சன்னல்களில் காணப்படும் ‘பெல்லா’ என்னும் பெயரும் இவ்வூரின் மற்றொரு நிறுவனத்தினுடையதே. இத்தனை சிறிய ஊரால் இத்தனை பெரிய விழாவையும் அருங்காட்சியகங்களையும் தாங்க முடிவதற்கு இந்தத் தொழில்கள் ஒரு முதன்மைக் காரணம்.

காற்றாலையை ஒட்டிய வரலாற்றுக் கிராமத்தில் கொல்லுப் பட்டறை, மரவீடு, மண் குழிவீட்டின் மாதிரி என இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் உள்ளன. மரக்காலணி செய்பவர் ஒரு கட்டையைக் குடைந்து காலணியாக்குவதை அருகிலிருந்து பார்க்கலாம். 1881-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த துப்பாக்கிச் சண்டையால் புகழ்பெற்ற காவலர் வயாட் ஏர்ப் சிறுவனாக வாழ்ந்த வீடும் இங்கேதான் இருக்கிறது. அவருடைய குடும்பம் 1864-இல் கலிஃபோர்னியாவுக்குப் புறப்படும் வரை பெல்லாவில் வாழ்ந்தது.

நேரம் இருந்தால் மையப் பூங்காவுக்கு எதிரே உள்ள ஸ்கோல்ட் இல்லத்துக்கும் செல்லுங்கள். நாட்டை விட்டு வர மனமில்லாமல் வந்த தன் மனைவிக்காக ஸ்கோல்ட் இந்தப் பெரிய வீட்டைக் கட்டினார். அந்த மனைவி ஆசையோடு கொண்டுவந்த நீலநிற டெல்ஃப்ட் பீங்கான்கள் பயணத்தில் உடைந்துபோயின என்றும், அந்த ஓடுகளைத் தோட்டப் பாதையில் பதித்து அதன்மேல் நடந்தார் என்றும் ஊரார் சொல்கிறார்கள். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் துலிப் மலர்கள் மற்ற இடங்களைவிட அமைதியாகப் பார்க்கக் கிடைக்கும்.

ஆறாம் படி: உணவு

1898-இல் தொடங்கிய ஜார்ஸ்மா அடுமனையின் ‘டச்சு லெட்டர்’ இவ்வூரின் அடையாளப் பண்டம்: ஆங்கில எஸ் எழுத்தின் வடிவில், அடுக்கடுக்கான மாவுக்குள் பாதாம் விழுது வைத்துச் சுட்டது. விழா நாள்களில் வரிசை தெருவரை நீளும். கடை திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். வீதிக் கடைகளில் போஃபர்ச்சஸ் கட்டாயம் உண்ணுங்கள். குழிகள் கொண்ட இரும்புத் தட்டில் ஊற்றித் திருப்பி எடுப்பதால் நம் குழிப்பணியாரத்தின் உறவுக்காரன் போலத் தோன்றும்; மேலே வெண்ணெயும் சர்க்கரைத் தூளும் தூவித் தருவார்கள். இந்தப் பண்டங்களில் முட்டை சேர்ந்திருக்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ‘பெல்லா பொலோனா’ என்னும் வளைய வடிவப் புகையூட்டிய இறைச்சியும் ஊருக்குப் பெயர்பெற்றது. மாட்டிறைச்சியையோ பன்றியிறைச்சியையோ தவிர்ப்பவர்கள் கேட்டறிந்து வாங்க வேண்டும். சுத்த சைவக் குடும்பங்களுக்கு விழாக் கடைகளில் தெரிவு குறைவு. புளியோதரையோ தயிர்ச்சாதமோ கட்டி எடுத்துச் சென்று பூங்காப் புல்வெளியில் அமர்ந்து உண்பதே நிம்மதி. அப்படிக் குடும்பத்தோடு அமர்ந்து உண்பவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

ஏழாம் படி: ஏரிக்கரையில் ஒரு காலை

விழாவின் இரைச்சலிலிருந்து பிள்ளைகளை விடுவிக்க ரெட் ராக் ஏரி உதவும். டி மொயின் ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த 1969-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவான இது, அயோவாவின் மிகப் பெரிய ஏரி. ஆற்றோரச் செம்மணற்பாறைகளே பெயருக்குக் காரணம். முன்பு குறிப்பிட்ட 1842 ஒப்பந்தமும் அந்தச் செம்பாறைகளையே எல்லைக்குறியாகக் கொண்டது. கொர்டோவா பூங்காவில் பழைய நீர்த்தொட்டியிலிருந்து மாற்றியமைத்த 106 அடி உயரக் காட்சிக் கோபுரத்தில் 170 படிகள் ஏறினால் ஏரியின் பரப்பு முழுவதும் தெரியும். மிதிவண்டி வைத்திருப்பவர்கள் பெல்லாவிலிருந்து ஏரிவரை செல்லும் ஃபோக்ஸ்வெக் பாதையைப் பயன்படுத்தலாம்; தளமிட்ட பாதை என்றாலும் மேடுபள்ளம் உண்டு என்பதால் சிறுபிள்ளைகளோடு ஒரு பகுதியை மட்டும் ஓட்டுவது போதும்.

மே மாதத்தில் வர முடியாதவர்களுக்கு

கோடையில் காற்றாலையும் கிராமமும் கூட்டமின்றித் திறந்திருக்கும். விளக்கங்களைப் பொறுமையாகக் கேட்க அதுவே நல்ல காலம். ஆகஸ்டில் அருகிலுள்ள நாக்ஸ்வில்லில் நடக்கும் ஸ்பிரின்ட் கார் தேசியப் போட்டி 1961 முதல் நடந்துவருகிறது. மண் தடத்தில் பாயும் வண்டிகளின் ஓசை மிகக் கடுமையானது என்பதால் பிள்ளைகளின் காதுகளுக்கு ஒலித்தடுப்பு இல்லாமல் அழைத்துச் செல்லாதீர்கள். போட்டி இல்லாத நாள்களில் அங்குள்ள பந்தயக் கார் அருங்காட்சியகம் மட்டுமே சிறுவர்களுக்குப் போதுமானது.

அதே ஆகஸ்டில், பெல்லாவுக்கு வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில், டாமா ஊரின் அருகே மெஸ்குவாக்கி மக்கள் தங்கள் ஆண்டு விழாவை நடத்துகிறார்கள். 1842-க்குப் பின் வெளியேற்றப்பட்ட இம்மக்கள் 1857-இல் தங்கள் சொந்தப் பணத்தில் 80 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கித் திரும்பி வந்தவர்கள். அவர்களுடைய நடனமும் பறையொலியும் பொதுமக்கள் காணத் திறந்தவை. சில நடனங்களின்போது நிழற்படம் எடுக்கக்கூடாது என்று அறிவிப்பார்கள், அதற்குக் கட்டுப்பட வேண்டும். துலிப் விழாவைப் பார்த்த குடும்பம் அதே ஆண்டில் இதையும் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். இந்த நிலத்தின் கதை அப்போதுதான் பிள்ளைகளுக்கு இருபுறமும் விளங்கும்.

குளிர்காலம் தொடங்கும் வேளையில் சின்டர்க்ளாஸ் பெல்லாவுக்கு வருகிறார். நீண்ட செம்மேலங்கியும் ஆயரின் உயர்ந்த தொப்பியும் அணிந்த டச்சுப் புனிதர் நிக்கலஸ் ஊர்வலமாக வந்து பிள்ளைகளைச் சந்திக்கிறார். மோலன்கிராக்ட் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தையும் கூடுகிறது. இந்த வார இறுதிகளிலும் அறைகள் விரைவாக நிறையும். சனவரி, பிப்ரவரியில் ஊர் அமைதியாகிவிடும், பல காட்சியிடங்கள் குறைந்த நேரமே திறந்திருக்கும். ஆனால் ஏரி உறைந்துபோகும் அந்நாள்களில் அணைக்குக் கீழே ஓடும் நீர் மட்டும் உறையாமல் இருப்பதால், மீன் தேடி வெண்தலைக் கழுகுகள் அங்கே கூடுகின்றன. இருநோக்கி ஒன்றும் சூடான பானக் குடுவையும் எடுத்துக்கொண்டு காலையில் செல்லுங்கள். கழுகுகள் மீன் பிடிப்பதைக் காண அதுவே உகந்த நேரம், வண்டியை அணையருகே நிறுத்தி உள்ளிருந்தபடியே பார்க்க முடியும் என்பதால் முதியோருக்கும் சிரமமில்லை.